மைனஸ் பட்டன்

கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி! போன தடவை வந்த மெக்கானிக் இதைக் கேக்கவே இல்ல. அறுபது பட்டன் இருக்கு, அம்பத்தொம்பதும் புதுசு மாதிரி இருக்கு, இது ஒண்ணு மட்டும் எழுத்தெல்லாம் அழிஞ்சு, குழி விழுந்து, உள்ள போனது வெளிய வராமக் கிடக்கேன்னு கேக்குறீங்க. அதுதான் சார் மைனஸ் பட்டன். அதுக்குப் பின்னாடி ஒரு கதையே இருக்கு. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

ஆனா மெதுவாத்தான் சொல்லணும். வீட்டுக்காரம்மா அடுப்படியில இருக்கா. இது மட்டும் அவ காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். எதுக்கு சார் கையை இப்படி அமுக்கிக் காட்டுறீங்க? ஓ, என்னை உக்காரச் சொல்றீங்களா? உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன்.

என் பேர் தார்சிஸ். பாலக்கரையில வந்து தார்சிஸ் மாஸ்டர் வீடுன்னு கேட்டா ஆட்டோக்காரனே கொண்டாந்து விடுவான். பகல்ல பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை. முப்பத்திரண்டு வருஷம் பாத்தேன், இரும்புத் தகட்டுல ஆணி அடிக்கிற செக்‌ஷன். சாயங்காலமானா கச்சேரி. எங்க குழு பேரு 'வெள்ளி அலைகள்'. ஆரம்பத்துல பதினோரு பேர் இருந்தோம். இப்ப ரெண்டே பேர். நானும் பிலோமியும். பிலோமினான்னு முழுப் பேரு, அடுப்படியில இருக்காளே, அவதான்.

என்ன கேட்டீங்க? பிள்ளைங்களா? ரெண்டு பேர் சார். பொண்ணு ஓசூர்ல, பையன் துபாய்ல. என்னது? பிளக்கா! பிளக் எங்கேன்னு கேட்டீங்களா? அந்த பீரோவுக்குப் பின்னாடி இருக்கு, இழுத்துச் சொருகிக்குங்க. இப்பல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசறதே இல்ல சார். எல்லாம் உதட்டுக்குள்ளயே முணுமுணுக்குறாங்க. எம் பொண்ணு போன்ல பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல மனுஷன் மனுஷன்கிட்டப் பேசினா ஒரு பேச்சு மாதிரி இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இதைக் கீபோர்டுன்னு சொல்லாதீங்க, எனக்குக் கோபம் வரும். இது ஒர்க்ஸ்டேஷன். ஜப்பான்காரன் தொண்ணூத்தி மூணுல பண்ணினது. தபேலா, பேஸ் கிட்டார், வயலின் கூட்டம், புல்லாங்குழல், எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நாமளே வாசிச்சு இதுக்குள்ள பதிஞ்சு வச்சுடலாம். அப்புறம் ஒரு பட்டனைத் தட்டினாப் போதும், அதுவே பதினோரு பேர் மாதிரி வாசிக்கும். அதனாலதான் மீதி ஒம்பது பேரும் போயிட்டாங்க. நான் துரத்தினேன்னு ஊர்ல சொல்வாங்க. நம்பாதீங்க. தபேலாக்காரன் மட்டும்தான் நான் துரத்தினது.

எங்க மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தான். ஏர்போர்ட்ல ஒரு ஆபீசர் பெட்டியைப் பாத்துட்டு, "ஒர்க்ஸ்டேஷன்னு போட்டிருக்கே, எந்த ஸ்டேஷனுக்குய்யா போகுது?"ன்னு கேட்டிருக்காரு. மச்சான் கொஞ்சமும் யோசிக்கல. "பொன்மலை சார்"னு சொல்லிட்டான். ரயில்வே சாமான்னு நினைச்சு விட்டுட்டாங்க. பிலோமி அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! காலையில ஒர்க்‌ஷாப்பு, சாயங்காலம் ஒர்க்ஸ்டேஷன், எனக்கு எப்ப சார் உங்களைப் பாக்கக் கிடைக்கும்னு கேட்டா. கட்டின புருஷனை சார்னு கூப்பிடுவா, கிண்டல் பண்றப்ப மட்டும்.

அவ குரலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம்? சரி விடுங்க. மாதா கோயில் திருவிழாவுல அவ மேல் ஸ்தாயில ஒரு பாட்டு எடுத்தான்னா, ராட்டினம் சுத்தறவன் கூட நிறுத்திட்டுக் கேப்பான். மேலே இருக்கிற பசங்க அந்தரத்துல தொங்கிக்கிட்டே கேப்பாங்க. அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலுக்காகத்தான் நான் கட்டிக்கிட்டேன். அவ என்னை எதுக்குக் கட்டிக்கிட்டான்னு கேட்டா, காப்பி வேணுமான்னு கேக்குறா.

இந்தப் பட்டன் விவகாரம் ஆரம்பிச்சப்ப அவளுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். துவாக்குடியில ஒரு கல்யாண ரிசப்ஷன். அதுக்கு முந்தின மாசம்தான் டைபாய்டு வந்து படுத்து எந்திரிச்சிருந்தா. சரணத்துல ஒரு இடம் வரும், உச்சத்துக்குப் போயி நிக்கணும். அனுபல்லவியிலயே கழுத்து நரம்பு புடைச்சிடுச்சு. நான் பாத்துட்டேன். இசை மட்டும் வர்ற இடத்துல, அவ தண்ணி குடிக்கத் திரும்பினப்ப, டிரான்ஸ்போஸ்ல, அதான் சுருதியை ஏத்தி இறக்குற இடத்துல போய் இந்த மைனஸ் பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டுக்குச் சுருதி அரைக் கட்டை இறங்கும். நான் விரல் வைக்கிற இடம் மாறாது, சத்தம் மட்டும் இறங்கி வரும். பாக்குறவன் ஒருத்தனுக்கும் தெரியாது.

அவ சரணத்தை அல்வா மாதிரிப் பாடிட்டா. முடிஞ்சு இறங்கி வந்து, "பாத்தீங்களா, டைபாய்டாவது மண்ணாவது, என் தொண்டை அப்படியே இருக்கு"ன்னா. அந்த முகத்தைப் பாத்து நான் எப்படி சார் சொல்லுவேன்? சொல்லல. அன்னிக்குச் சொல்லாதவன் இன்னி வரைக்கும் சொல்லல.

அப்புறம் மைனஸ் ரெண்டு. பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் மைனஸ் மூணு. கொரோனா வந்து போனதுக்கு அப்புறம் மைனஸ் நாலு. பதினாறு வருஷமாச்சு. காதும் காதும் வச்ச மாதிரி நடத்திக்கிட்டு வர்றேன். அவ என்னடான்னா பாக்குறவங்ககிட்டல்லாம், "முப்பது வருஷமா ஒரே சுருதி, இறக்கினதே இல்ல"ன்னு பெருமை பேசிக்கிட்டுத் திரியறா. பாவம்.

இதுல ஒரு தொல்லை என்னன்னா, இந்த மிஷினை அணைச்சுப் போட்டா மறுபடி சைபர்ல வந்து நிக்கும். ஒவ்வொரு கச்சேரிக்கும் புதுசா நாலு தட்டு தட்டணும். சில சமயம் மறந்துடுவேன். வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஞாபகம் வரும், பகீர்னு இருக்கும். ஆனா மாதா புண்ணியத்துல அவளுக்குச் சரியா அந்த நேரம் பாத்துத் தாகம் எடுத்துடும் சார்! "ஒரு நிமிஷம், வெந்நீர் குடிச்சுக்கிறேன்"னு மைக்லயே சொல்லிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு, ஒரு டம்ளர் வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பா. அதுக்குள்ள நான் நாலு தட்டையும் தட்டிடுவேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, நான் மறந்த அத்தனை தடவையும் அவளுக்குத் தாகம்! அதிர்ஷ்டம்னா இதான்.

ஏன் சார் சிரிக்கிறீங்க? ஈயப் புகை மூக்குல ஏறிடுச்சா? ஃபேனைப் போடவா?

இப்ப பட்டன் தேய்ஞ்ச கதை புரிஞ்சுதா? பதினாறு வருஷத் தட்டு. போன செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு உக்காந்தோம். தட்டினேன். உள்ள போன பட்டன் வெளிய வரல. அவ பாட ஆரம்பிச்சுட்டா. பல்லவியிலயே குரல் பிசிறிடுச்சு. வெந்நீர் கேட்டா. குத்திப் பாத்தேன், நோண்டிப் பாத்தேன், ஊஹூம். மறுபடி பாடினா, மறுபடி பிசிறு. மறுபடி வெந்நீர். மூணு டம்ளர் வெந்நீர் குடிச்சா சார், சித்திரை வெயில்ல. கடைசியா குரல் உடைஞ்சே போச்சு. டம்ளரைக் கீழ வச்சா, "போதுங்க, இனிமே நான் பாடல"ன்னா. உள்ள போயி அரிசி புடைக்க ஆரம்பிச்சுட்டா. அரிசி சுத்தமாத்தான் இருந்துச்சு.

அன்னிலேர்ந்து வீட்டுல பாட்டு இல்ல. குளிக்கிறப்ப கூட இல்ல. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்குப் பயமா இருக்கு சார். அவ பாடாத வீட்டுல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

இதுல இன்னொரு கூத்து. வர்ற சனிக்கிழமை திருவிழாக் கச்சேரி. நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டியாச்சு. 'அதே மேடை, அதே பாட்டு, அதே சுருதி'ன்னு கொட்டை எழுத்துல. அந்த வாசகம் யார் எழுதினதுன்னு நினைக்கிறீங்க? நான்தான். பெருமையா எழுதிக் குடுத்தேன். நோட்டீஸைப் படிச்சுட்டு அவ என்னை ஒரு பார்வை பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பெருமை தாங்கலன்னு நினைக்கிறேன்.

புதுசு ஒண்ணு வாங்கலாமேன்னு தானே கேக்குறீங்க? வாய் அசையறதைப் பாத்தே எனக்குப் புரிஞ்சிடும். எம் பொண்ணு புதுசு ஒண்ணு அனுப்பிச்சுட்டா சார், கட்டிலுக்கு அடியில கிடக்கு. கலர் டிவி மாதிரி திரை. அதுல மைனஸைத் தட்டினா என்ன பண்ணுது தெரியுமா? 'டிரான்ஸ்போஸ் மைனஸ் நாலு'ன்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற மாதிரி பெருசா எழுதிக் காட்டுது! அதை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படிக் குடும்பம் நடத்துறது? சவுண்டு சரியில்லைன்னு சொல்லி உள்ள தள்ளிட்டேன். நம்ம மிஷின்ல திரை மங்கிப் போயி ஒரு எழுத்தும் தெரியாது. செல்போன் வெளிச்சத்தைச் சாய்ச்சு அடிச்சாத்தான் லேசா நிழலாடும். அதை மாத்தித் தர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்.

அந்த எதிர் வீட்டு ஜன்னலைப் பாருங்க. மொத்தக் குடும்பமும் வந்து நிக்குது. நான் இவ்வளவு ரகசியமாப் பேசும்போதே அவங்களுக்கு மூக்குல வேர்த்துடுது. எப்பவும் இப்படித்தான்.

அப்புறம் நீங்க வந்ததுமே இன்னொரு கம்ப்ளெய்ன்ட் சொன்னேனே, இந்த மிஷின்ல வர்ற பெல் சவுண்டு. அதையும் கையோட பாத்துடுங்க. இந்த மிஷினை நான் வாங்கினதே அந்தப் பெல்லுக்காகத்தான். பூசையில மணி அடிக்கிற மாதிரி கிணுகிணுன்னு இருக்கும். அவ பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன இசை வரும், அதைப் பெல்லுலதான் வாசிப்பேன். அதைக் கேட்டாத்தான் அவளுக்குப் பாட்டு எடுக்கவே தோணும். நாலு வருஷமா அது மங்கிக்கிட்டே வந்து, இப்ப சுத்தமா இல்ல. கீழ் ஸ்தாயில கொஞ்சம் வருது. மேல போகப் போக ஒண்ணுமே இல்ல. சிப்புக்கு வயசாயிடுச்சு.

வாசிச்சுப் பாருங்க. ஆங், இன்னும் மேல. இன்னும் மேல. பாத்தீங்களா? உங்க விரல்தான் ஆடுது, சத்தம் வருதா? வரல. என்ன? பல்லா? பல்லு நல்லாத்தான் இருக்கு சார், போன வருஷம்தான் கட்டினேன். ஓ, பெல்லா? பெல்லு நல்லாத்தான் கேக்குதுங்கிறீங்களா? போன தடவை வந்தவனும் இதே பாட்டைத்தான் பாடினான். எனக்குப் பாம்புக் காது சார். என் காதுல யாரும் பூ சுத்த முடியாது. நான் சொல்றதை விடுங்க, பிலோமிகிட்டக் கேட்டேன். "உனக்கு அந்தப் பெல் கேக்குதா?"ன்னேன். "இல்லைங்க, எனக்கும் கேக்கல. மிஷின்தான் கெட்டுப்போச்சு"ன்னா. ஒருத்தனுக்குக் கேக்கலைன்னா அவன் மேல சந்தேகப்படலாம். வீட்டுல இருக்கிற ரெண்டு பேருக்கும் கேக்கலைன்னா மிஷின் மேலதானே தப்பு?

அவ இப்பல்லாம் ரொம்ப அன்பா இருக்கா சார், அதையும் சொல்லணும். மேடையில முன்னெல்லாம் நடுவுல நிப்பா. இப்ப என்னை ஒட்டி வந்து நின்னுக்கிறா. ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் என் தோள்ல கையை வச்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு தட்டுவா. பாட்டு முழுக்கத் தட்டிக்கிட்டே இருப்பா. ஜனங்களுக்கு முன்னாடி என்னடி இதுன்னு எனக்கே வெக்கமா இருக்கும். வயசாக ஆகத்தான் பொம்பளைங்களுக்குப் பாசம் கூடும்போல.

என்ன சார்? காசா? காசு எங்கயும் ஓடிடாது, வேலை முடியட்டும். என்னது, காதா? காதை டாக்டர்கிட்டக் காட்டினீங்களான்னா? யாரு, பிலோமி காதையா? அவளுக்கும்தான் பெல் கேக்கலையேன்னு யோசிக்கிறீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு. அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், அவ காது கணீர்னு இருக்கு. அடுப்படியில இருந்துக்கிட்டே தெருவுல போற பால்காரன் பேசறதைச் சொல்லுவா.

பட்டன் மாத்திட்டீங்களா? கொண்டாங்க பாப்போம். அட, டக்குன்னு உள்ள போயி டக்குன்னு வெளிய வருதே! புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. சார், அப்படியே ஒரு உதவி பண்ணுங்க. அந்த டிரான்ஸ்போஸ்ல போயி நாலு தட்டு தட்டி வச்சுடுங்க. நான் தட்டினா அவளுக்குச் சந்தேகம் வரும். நீங்க தட்டினா மெக்கானிக் ஏதோ சரி பார்க்கிறாருன்னு நினைச்சுக்குவா. அவளைக் கூப்பிட்டுப் பாட வச்சுடுவோம். இன்னிக்குப் பாடலைன்னா சனிக்கிழமை பாட மாட்டா. சனிக்கிழமை பாடலைன்னா அப்புறம் எப்பவுமே பாட மாட்டா. எனக்குத் தெரியும்.

அடடே, அவளே வந்துட்டா. என்ன பிலோமி, காப்பியா? வை, வை. இவர்தான் மெக்கானிக். நாங்க சும்மா, ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்தோம்.

என்ன சார் சொல்றா? எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்ன உங்ககிட்டக் குசுகுசுன்னு? எதுக்கு அஞ்சு விரலைக் காட்டுறா? அஞ்சு மணிக்குக் கோயிலுக்குப் போகணும், சீக்கிரம் முடிங்கன்னா? இருக்கும். கையைத் தரையைப் பாத்து வேற இறக்கிக் காட்டுறாளே. பையைக் கீழ வைக்கச் சொல்றா சார் உங்களை, வழியில இருக்குன்னு. இப்ப எதுக்குக் காதைத் தொட்டுக் காட்டுறா? ஓ, அதுவா. போன மாசம் தோட்டுத் திருகு ஒண்ணு தொலைஞ்சு போச்சு, அதை மிஷினுக்குள்ள தேடிப் பாக்கச் சொல்றா. அது எப்படி பிலோமி இதுக்குள்ள போகும்? சரி பாருங்க சார், அவ மனசு திருப்திக்கு.

என்ன கண்ணுல தண்ணி உங்களுக்கு? காப்பி சூடா?

தட்டுங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சாவதா ஒரு தட்டு தட்டின மாதிரி இருந்துச்சே? ஓ, புதுப் பட்டன், ஒரு தடவை கூடுதலாத் தட்டிப் பாத்தீங்க. சரி சரி, மிஷின் நுணுக்கம் உங்களுக்குத்தான் தெரியும். பெல்லையும் பாத்துடுங்க. ஏதோ உள்ள போயி அதையும் ஒரு ஸ்தாயி கீழ இறக்குறீங்களே, இறக்கினா வந்துடுமா? முடிஞ்சுதா? நகருங்க, நான் வாசிக்கிறேன்.

இருங்க.

சார். வருது சார். கிணுகிணுன்னு வருது! இதுதான், இதுதான் அந்தப் பெல். கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கு, இருந்தா என்ன, நாலு வருஷமாச்சு நான் இதைக் கேட்டு. பிலோமி, கேக்குதா? உனக்கும் கேக்குதா? கேக்குதுன்னு தலையாட்டுறா பாருங்க. அப்பவே சொன்னேன்ல, மிஷின்லதான் கோளாறுன்னு! நீங்கதான் சார் மெக்கானிக். போன தடவை வந்தவன் சும்மா டப்பா.

பாரு பிலோமி, ஒரே ஒரு பல்லவி. எனக்காக. வேண்டாம்னு சொல்லாத. அதே சுருதிதான். பயப்படாம எடு.

எடுத்துட்டா சார்! தோள்ல கையை வச்சுட்டா. கேளுங்க, கேளுங்க. இப்ப மேல போகப் போறா, பாருங்க, கழுத்துல ஒரு நரம்பு கூட அசையல. மைனஸ் நாலுலயே இப்படிப் பாடி எத்தனை நாளாச்சு! குரல் திரும்பி வந்துடுச்சு சார், இன்னும் கொஞ்ச நாள் போனா மூணுக்கே ஏத்திடலாம் போல. ஏன் பாட்டுக்கு நடுவுல என்னைப் பாத்துச் சிரிக்கிறா? அழறாளா சிரிக்கிறாளான்னே தெரியல. பாட வருதுங்கிற சந்தோஷம்.

இப்படிக் கிட்ட வாங்க சார், அவ பாடிக்கிட்டிருக்கா, காதுல விழாது. நான் சொன்னது எதையும் எங்கயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. கூடவே இருக்கிற ஆளுக்கு ஒரு குறை இருக்கு, அது அந்த ஆளுக்கே தெரியாத மாதிரி வருஷக்கணக்கா தாங்கிப் பிடிக்கிறது இருக்கே, அது லேசுப்பட்ட வேலை இல்ல சார். அதுக்கெல்லாம் தனி சாமர்த்தியம் வேணும். எங்க வீட்டுல அது எனக்குத்தான் இருக்கு.